இரண்டு தலை வயர்

அந்தத் தெருவில் போட்டோக்காரர் எடுக்காத முகமே கிடையாது. பிறந்த குழந்தை, பாஸ்போர்ட் படத்துக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், கல்யாணத்தில் அழுத பெண், அவளைவிட அதிகமாக அழுத அப்பா, எல்லோரையும் எடுத்திருக்கிறார். ஒரே ஒரு ஆளைத் தவிர என்று அவர் மனைவி சொல்லுவாள். அபாண்டம் என்று இவர் சொல்லுவார். இந்த வழக்கு வருஷக்கணக்காக வாய்தாவிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அது முற்றிவிட்டது. மனைவிக்குத் தபால் ஆபீசில் வேலை. பதவி உயர்வில் வேறு கிளைக்குப் போகிறாள், மறுநாள் வழியனுப்பு விழா. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எடுத்த படம் ஒன்று வேண்டும், பெரிதாக்கி மாட்டப்போகிறோம் என்று ஆபீசில் கேட்டிருந்தார்கள்.

"போட்டோக்காரர் பொண்டாட்டி, உங்களுக்கென்ன குறைச்சல்னு வேற சொல்றாங்க," என்றாள். "இருந்தா குடுங்க. இல்லேன்னா, என் வீட்டுக்காரர் என்னை ஒரு படம்கூட எடுத்ததில்லைன்னு மைக்குல சொல்லிடறேன்."

மைக் என்றதும் போட்டோக்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "என்ன பேச்சு பேசறே? பழைய கம்ப்யூட்டர்ல உன் படம் குவிஞ்சு கிடக்கு!" என்று அடித்துவிட்டார். குவிந்து கிடக்கிறதா, ஒன்றாவது இருக்கிறதா என்று அவருக்கே தெரியாது.

வீட்டின் முன்னறைதான் ஸ்டூடியோ. அதன் மூலையில் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர். ஒரு படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போய்க் குளித்துவிட்டு வரலாம். வந்து பார்த்தால் பாதி நெற்றி தெரியும். அதில் தேடினால் அம்மாளுக்கு அடுத்த பதவி உயர்வே வந்துவிடும். எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, லேப்டாப்பில் போட்டுத் தேடலாம் என்று காலையிலேயே ஒன்று வாங்கி வந்தார்.

செருகினார். விளக்கு எரிந்தது. உள்ளே டிக், டிக் என்றது. விளக்கு அணைந்தது. கழற்றி, ஊதி, மறுபடி செருகினார். அதே டிக், அதே இருட்டு. "தலையில கட்டிட்டான்யா!" என்று கடைக்கு ஓடினார். கடைக்காரர் தன் கம்ப்யூட்டரில் செருகிக் காட்டினார். சமர்த்தாக வேலை செய்தது, சனியன்.

"டிஸ்க் மேல தப்பில்லை சார். உங்க பெட்டி கிழடு, இதுக்குக் கரன்ட் குடுக்கத் தெம்பில்லை. இந்த வயரைக் கொண்டுபோங்க. ரெண்டு தலை இருக்கு பாருங்க, ரெண்டையும் குத்தணும்."

திரும்பி வந்தால், மனைவியின் தம்பி மேசைக்கடியில் தலையை விட்டுக்கொண்டு கிடந்தான். கூப்பிடாமல் உதவிக்கு வருவதில் மச்சினனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"மாமா, முன்னாடி இருக்கற ஓட்டையெல்லாம் ஆடுது. பின்னாடி ரெண்டுதான் உருப்படி. ஒண்ணுல மவுஸ், ஒண்ணுல கீபோர்டு."

"ரெண்டையும் புடுங்கு."

"புடுங்கிட்டு?"

"வயரைக் குத்து."

"குத்திட்டு? காப்பி பண்ணுன்னு அதுகிட்ட வாயாலயா சொல்லுவீங்க?"

கீபோர்டைக் கழற்றி ஒரு தலையைச் செருகினார்கள். மற்றது தொங்கியது. மவுஸை எடுத்தால் கிளிக் இல்லை, எடுக்காவிட்டால் டிஸ்க் இல்லை. மாமனும் மச்சினனும் கத்திய கத்தலில் பாஸ்போர்ட் படத்துக்கு வந்த ஒருவர் வாசலோடு திரும்பிப் போனார்.

"இது வேற மூஞ்சியில இடிக்குது," என்று தொங்கிய தலையைப் பிடித்து, சுவரில் இருந்த தன் போன் சார்ஜரில் குத்திவிட்டான் மச்சினன். விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. அந்தத் தலைக்கு வேண்டியது கரன்ட் மட்டும்தான். திரையில் டிஸ்க் வந்து உட்கார்ந்தது.

"இதைத்தான் மாமா நான் முதல்லயே யோசிச்சேன்."

"புளுகாதே. கையை எடு, வயர் ஆடப்போகுது."

காப்பி ஆகி முடியச் சாயங்காலம் ஆயிற்று. லேப்டாப்பில் மாட்டியபோது மனைவி பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டாள். டாக்டர் வீட்டுக் கல்யாணம், பள்ளி ஆண்டு விழா, பேக்கரி திறப்பு என்று போல்டர்கள் வரிசையாக வந்தன. அவள் பேரில் ஒன்றுகூட இல்லை. கீழே வரைக்கும் போய்ப் பார்த்தார். இத்தனை ஊரார் முகத்தைச் சேர்த்து வைத்தவன், கட்டியவளை மறந்துவிட்டேனே என்று அவருக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

"ஆச்சா? மைக்குல சொல்லிடலாமா?"

ஏதாவது செய்துகொண்டிருப்போம் என்று, அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷத்துக் கல்யாணம் ஒன்றைத் திறந்தார். முதல் படத்தில் மணமக்கள் இல்லை. தலையில் ஈரத்துண்டோடு, சமையலறை வாசலில், வாயைத் திறந்தபடி அவர் மனைவி நின்றாள்.

அடுத்த போல்டரைத் திறந்தார். முதல் படம், வாயில் பிரஷ்ஷோடு அவள். அதற்கடுத்த போல்டரில், நிறைமாத வயிற்றோடு இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவள். வேலைக்குக் கிளம்புமுன் கேமரா சரியாக இருக்கிறதா என்று பார்க்க, "இங்க பாரு" என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். அந்தப் படத்தை அப்புறம் அவர் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அத்தனை போல்டரிலும் முதல் ஆள் அவள்தான்.

"எல்லாத்துலயும் திட்டிக்கிட்டே இருக்கேனே!"

"அப்பதானேக்கா ஆபீஸ்ல அடையாளம் தெரியும்," என்றான் தம்பி.

அவள் சிரிக்கவில்லை. ஈரத்துண்டுப் படத்துக்குத் திரும்பப் போகச் சொல்லி வெகுநேரம் பார்த்தாள். "ஒரு கல்யாணம் விடாம, என் மூஞ்சியில முழிச்சிட்டுத்தான் போயிருக்கீங்க."

"அதான் கேமரா ஒரு நாளும் மக்கர் பண்ணலை," என்றார் போட்டோக்காரர்.

"சரி சரி, நாளைக்கு இந்தத் துண்டுப் படத்தையே குடுங்க," என்று அவள் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அடுத்த கல்யாணத்தைத் திறங்க."