நிமிஷ அக்காவின் அட்டை

கையுறையைக் கழற்றி வாளியின் விளிம்பில் போடுகிறாள். ஈரக்கையைக் கோட்டின் பின்பக்கம் இரண்டு முறை துடைக்கிறாள். நடைக்கூடக் கடிகாரத்தைக் கண்ணைச் சுருக்கி ஒரு கணம் பார்த்துவிட்டு, கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் அட்டையில் எழுதுகிறாள்: 10.41. எழுதியதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறாள். பென்சிலை விட்டதும் அது நூலில் ஆடிச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டி நிற்கிறது. அதற்குள் அவள் வாளியும் மாப்புமாகப் படியில் கால் வைத்துவிட்டாள். வலது கால் ஒரு படி ஏறும். இடது கால் அதே படிக்கு வந்து சேரும். பிறகுதான் அடுத்த படி. வாளியோடு லிப்டில் ஏறக் கூடாது என்பது அந்தக் கட்டடத்தின் சட்டம்.

ஆறு மாடி அலுவலகக் கட்டடம் அது. மேல் மூன்று மாடிகளின் பெண்கள் கழிப்பறைகள் அவள் பொறுப்பு. ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை உண்டு. நாளுக்கு ஒரு வரிசை. காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை மணிக்கொரு கட்டம். சுத்தம் செய்தவர் அந்தந்த மணிக்கு ஒரு 'சரி' போட வேண்டும் என்பது விதி. கீழ்மாடிகளைப் பார்க்கும் தோழி காலையில் கோட்டு மாட்டும்போதே பத்துக் கட்டத்திலும் பத்துச் சரி போட்டுவிடுவாள். "நான் பஸ்ல வரும்போதே மனசுக்குள்ள போட்டுட்டு வந்துடுவேன்" என்று அதைச் சொல்லிச் சிரிக்கவும் சிரிப்பாள்.

இவள் மட்டும் சரி போடுவதில்லை. வேலை முடிந்த நேரத்தை நிமிடத்தோடு எழுதுகிறாள். போகாத மணிக்குக் கட்டத்தைச் சும்மா விட்டுவிடுகிறாள். அதனால்தான் வேலையாட்களுக்கு அவள் 'நிமிஷ அக்கா'. ஏன் சரி போடுவதில்லை என்று கேட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு, கேட்டவர் முகத்தைப் பார்க்காமல் சொல்வாள்: "சரி போடுறது வாத்தியார் வேலை. நம்ம நோட்டுல நாமளே சரி போட்டுக்கிட்டா அது என்ன படிப்பு?" அவள் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை.

ஒரு கழிப்பறையை ஒழுங்காகச் செய்ய முப்பத்தைந்து நிமிடம் ஆகும். அவள் கண்ணாடியிலிருந்து தொடங்குவாள், பிறகு தொட்டி, பிறகு குழாயின் கழுத்து. தரையைக் கடைசிச் சுவரிலிருந்து பின்னோக்கித் துடைத்துக்கொண்டே வந்து வாசலில் முடிப்பாள். குழாய்களோடு பேசும் பழக்கமும் உண்டு. ஐந்தாம் மாடியில் இரண்டாவது குழாய் எப்போதும் சொட்டும். "உனக்கு வேற வேலையே இல்லையா" என்று அதைத் திட்டி, அடியில் ஒரு துணியை மடித்து வைத்துவிட்டு வருவாள். இப்படி மூன்று மாடியும் ஒரு சுற்று வர இரண்டு மணி நேரம் பிடிக்கும். முன்பு இந்த வேலைக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி வேலையிலிருந்து நின்று பதினோரு மாதமாகிறது. அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. அக்காவின் வெற்றுக் கட்டங்கள் எல்லாம் அந்த வராத ஆளுடையவை.

வேலையாட்களின் சூப்பர்வைசரும் ஒரு பெண்தான். முப்பது வயது இருக்கும். நல்ல உயரம் என்பதால் முதுகுக்குப் பின்னால் 'நெட்டை மேடம்'. கெட்டவள் இல்லை. அக்காவின் கணவன் வழுக்கி விழுந்து படுத்துக் கிடந்த வாரத்தில், யாரும் கேட்காமலே அவளை மூன்று மணிக்கு வீட்டுக்கு அனுப்பியவள். ஆட்கள் முன்னால் அக்கா அவளை "மேடம்" என்பாள்; தனியாக இருந்தால் "தங்கச்சி".

மேடத்துக்கு மேலே மேனேஜர். மாதக் கடைசியில் அட்டைகள் அவர் மேசைக்குப் போகும். ஆள் குறைந்த முதல் மாதம் வெற்றுக் கட்டங்களைப் பார்த்து அவர் மேடத்தைத் திட்டினார். அக்காவுக்குக் 'கவனக்குறைவு' என்று ஒரு பேப்பர் கொடுத்தார். மூன்று பேப்பர் சேர்ந்தால் வேலை போய்விடும். அதன் பிறகு மேடம் ஒரு வழி கண்டுபிடித்தாள். மாலையில் அக்கா போனதும் லிப்டில் ஏறி, மிச்சக் கட்டங்களைத் தானே நிரப்பினாள். அக்கா நேரம் எழுதுகிறவள் ஆயிற்றே என்று நினைத்துத் தானும் நேரமே எழுதினாள்: 9.00, 11.00, 1.00. அக்கா மறுநாள் காலையில் அதைப் பார்ப்பாள். தன் வீட்டுச் சட்டியில் வேறு யாரோ கை விட்டதுபோல இருக்கும். ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டாள்.

"உங்களுக்கு நல்லதுதானேக்கா பண்றேன்" என்றாள் மேடம். ஆள் வேண்டுமென்று தான் இரண்டு முறை மேனேஜரிடம் கேட்டதையும் சொன்னாள். அட்டை எல்லாம் நிரம்பித்தானே இருக்கிறது, இன்னொரு ஆள் எதற்கு என்று கேட்டாராம் அவர்.

அக்கா வாளியைக் கீழே வைத்தாள். "நீங்க நிரப்ப நிரப்ப ஆள் வராது தங்கச்சி."

மேடத்துக்கு அது புரியாமல் இல்லை. வெற்றுக் கட்டத்தோடு மேலே போய் நிற்கத்தான் பயம்.

அது சிக்கலானது ஒரு புதன்கிழமை. தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று மணிக்கு யாரோ பார்க்க வருகிறார்கள் என்று கட்டடமே பரபரத்தது. வழக்கமாக மாலையில் செய்வதை மேடம் அன்று மதியச் சாப்பாடு முடிந்ததும் செய்தாள். நடந்த மணிக்கும் நடக்கப் போகும் மணிக்கும் சேர்த்து நிரப்பிவைத்தாள். இரண்டரைக்கு ஆறாம் மாடியில் யாரோ வாந்தி எடுத்துவிட்டார்கள். ஐந்தாம் மாடிக்குப் போய்க்கொண்டிருந்த அக்காவைப் படியிலேயே மறித்து மேலே அனுப்பியவளும் மேடம்தான். மூன்று பத்துக்கு, ஐந்தாம் மாடியில், அந்தச் சொட்டுக் குழாய் தரையில் தேக்கிய தண்ணீரில் தொலைபேசி எடுக்கும் பெண் ஒருத்தி வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்துவிட்டது. அட்டையில் 3.00 என்று எழுதியிருந்தது.

சுத்தம் செய்யாமலே எழுதிவிட்டாள் நிமிஷ அக்கா என்று நாலரை மணிக்குள் ஆறு மாடிக்கும் தெரிந்துவிட்டது. கீழ்மாடித் தோழிகூட, "கடைசில நீயும் நம்ம கட்சிதானா" என்று கேட்டாள். அவள் கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் அக்காவுக்கு அன்றைக்கு நடந்ததில் அதுதான் அதிகம் வலித்தது.

வேலை முடிந்து கோட்டைக் கழற்றும்போது மேடம் படிக்கட்டுக்குப் பின்னால் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. மறுநாள் காலையில் வரச் சொல்லி மேனேஜர் இருவரையும் கூப்பிட்டிருக்கிறார்.

"மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கக்கா. உங்களுக்கு ஒரு பேப்பரோட போயிடும். எனக்கு வேலையே போயிடும்."

"எனக்கு இது ரெண்டாவது பேப்பர்."

"மூணாவது வராம நான் பார்த்துக்கறேன்."

அக்கா கோட்டை நான்காக மடித்தாள், பிறகு எட்டாக மடித்தாள். "மூணு மணிக்கு நான் எங்க இருந்தேன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்" என்றாள் மேடம். குரல் வெளியே வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

அக்காவின் கணவன் பழைய துணிகளில் பழுது தைக்கிறவன். அன்றிரவு வாய்க்குள் நூலை ஈரப்படுத்திக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான். மேடத்தைக் காட்டிக்கொடுத்தால் அடுத்து வருகிற மேடம் இவளை நம்பமாட்டாள். பேசாமலிருந்தால் பேர் கெடும். இரண்டும் அவனுக்குத் தெரிந்தது. "ஊசி போற எடத்தைத்தான் பார்ப்பாங்க, உலக்கை போற எடத்தைப் பார்க்க மாட்டாங்க. நீ ஊசி. சும்மா இரு" என்றான். கொஞ்ச நேரம் தைத்துவிட்டு, "சொல்லப் போறியா?" என்றான்.

"தெரியல."

"தெரியலன்னு சொன்னா நீ சொல்லப் போறேன்னு அர்த்தம்" என்று அடுத்த துணியை எடுத்தான்.

மேனேஜர் அறையில் கம்பளம் விரித்திருந்தது. அக்காவின் ரப்பர் செருப்பு ஈரமாக இருந்ததால் கம்பளத்துக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். மேடம் மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவர் அட்டையைத் திருப்பிக் காட்டி, இது உங்கள் எழுத்துதானே என்றார். எழுத்து அங்கிருந்து தெரியவில்லை. அக்கா செருப்பை வெளியே கழற்றிவிட்டு, வெறுங்காலோடு நடந்து போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள்.

"எட்டு அம்பத்திரண்டு, பத்து நாப்பத்தொண்ணு, பன்னெண்டு நாப்பத்தேழு. இந்த மூணுதான் என்னோடது சார். மத்தது என்னோடது இல்ல."

எல்லாமே ஒரே மாதிரி நேரம்தானே எழுதியிருக்கிறது என்றார் அவர்.

"பன்னெண்டு வருஷத்துல நான் எந்த மாடிக்கும் மணியடிச்சாப்புல போய்ச் சேர்ந்ததில்ல சார். வேணும்னா என் முட்டியைக் கேளுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். பிறகு யார் எழுதியது என்று கேட்டார்.

அக்கா மேடத்தின் பக்கம் திரும்பவில்லை. "எழுதினவங்க சொல்லுவாங்க சார்" என்று அட்டையைப் பார்த்தே சொன்னாள்.

 எத்தனை நிமிடம் ஆயிற்று என்று அன்றைக்கு அக்கா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "நான்தான் சார்" என்று ஒரு குரல் கேட்டது. படிக்கட்டுக்குப் பின்னால் வெளியே வராத அதே குரல்தான்.

மேனேஜர் மேடத்தைப் பேசத் தொடங்கினார். நம்பிக்கை, பொறுப்பு, முன்மாதிரி என்று நீண்டது. மேடம் தலை குனிந்து நின்றாள். அந்த உயரம் எல்லாம் எங்கே போயிற்றோ. பன்னிரண்டு வருடத்தில் கேட்காத கேள்விக்கு ஒருமுறைகூடப் பதில் சொல்லாத அக்கா, அப்போது நடுவில் பேசினாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், அவங்க செஞ்சது தப்புதான். ஆனா ரெண்டு தடவை ஆள் கேட்டாங்க. அட்டை நிரம்பியிருக்குன்னு நீங்க சொன்னீங்க. அட்டையைத்தான் பார்த்தீங்க, மாடியை யாரும் வந்து பார்க்கல."

மேனேஜரின் பேனா நின்றது. கோபித்துக்கொள்வாரோ என்று மேடம் நிமிர்ந்து பார்த்தாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. களைத்துப்போன மனிதனைப் போலக் கண்ணைத் தேய்த்துக்கொண்டு, உங்களுக்கு என்னதான் வேண்டும் என்றார்.

"என் கட்டத்துக்குப் பக்கத்துல இன்னொரு கட்டம் போடுங்க சார். வந்து பார்த்தவங்க எழுதுறதுக்கு. நான் நேரம் போடறேன். சரி போட வேண்டியது அவங்க."

மேடத்துக்கு வேலை போகவில்லை. ஒரு பேப்பரோடு நின்றது. அக்காவுக்குப் பேப்பர் இல்லை. கூடுதல் ஆள் விஷயம் மேலே போயிருக்கிறது என்றார்கள். பத்து நாள் கழித்து ஆள் வரவில்லை; அட்டை வந்தது. பளபளவென்று, ஒவ்வொரு மணிக்கும் இரண்டு கட்டத்தோடு.

தோழி ஒரு வாரம் பேசவில்லை. பிறகு, "உன்னால இப்ப நாங்களும் நிமிஷம் எழுதிச் சாகிறோம்" என்று பேச்சை ஆரம்பித்தாள். மணிக்கட்டு முறிந்த பெண் மாவுக்கட்டோடு வேலைக்கு வந்தாள். ஒற்றைக் கையால் குழாயைத் திருகத் திணறியபோது அக்கா திருகிக் கொடுத்தாள்.  இரண்டாவது குழாய் இன்னும் சொட்டுகிறது.

மேடம் இப்போது பொய்யாக எதையும் எழுதுவதில்லை. ஆனால் ஆறு மாடியையும் வாசலையும் வண்டி நிறுத்துமிடத்தையும் ஒருத்தியாகப் பார்க்கிறவளுக்கு மேலே வரவும் நேரமில்லை. போன வாரம் நான்காம் மாடிப் படியில் நின்றே கேட்டாள்: "என் கட்டத்துலயும் நீங்களே ஒரு சரி போட்டுடுங்களேன்க்கா. உங்க கை போட்டா யாரும் கேக்க மாட்டாங்க."

"வந்து பார்த்துட்டுப் போடுங்க தங்கச்சி. வர முடியலைன்னா சும்மா விடுங்க. வெறும் கட்டம் யாரையும் கடிக்காது."

மேடம் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. கீழே யாரோ கூப்பிட, இறங்கிப் போய்விட்டாள்.

இரண்டாவது கட்டங்கள் அப்படியே வெளுப்பாக இருக்கின்றன. இருந்தாலும் திங்கட்கிழமைதோறும் அக்கா மூன்று மாடியிலும் பென்சில் சீவுகிறாள். அட்டைக்கு இரண்டு பென்சில். தன்னுடையது தேய்ந்து விரல் நீளத்துக்கு வந்துவிட்டது. அதைத் தன் நெஞ்சு உயரத்தில் தொங்கவிடுகிறாள். மற்றது வாங்கிய நாள்போலவே இருக்கிறது. அதன் தூசியைக் கோட்டில் துடைத்து, முனையைக் கட்டைவிரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, முட்டி வலியோடு நுனிக்காலில் எழும்பி நின்று, மேடத்தின் கைக்கு எட்டுகிற உயரத்தில் கட்டுகிறாள்.