ஆளுக்கொரு பாதி

வீடியோ பார்த்துவிட்டு ஈட்டி மரத்தில், மரம் சீவும் இழைப்புளி செய்ய உட்கார்ந்தவன் நான். அலமாரி நிறையப் புத்தகம் இருந்தால் கைக்கும் வேலை வரும் என்று நம்புகிற வியாதி எனக்கு உண்டு. இரண்டு துண்டுகளை ஒட்டி, காயவைத்து, முதல் தள்ளு தள்ளியதும் ஒட்டிய இடத்திலேயே பிளந்தது. உள்முகத்தில் மரத்தின் எண்ணெய் மினுமினுத்தது. அதன் காரமான வாசனை என்னைத் திருப்பதி ஃபிளாட்டிலிருந்து எங்கள் பழைய புத்தூர் தச்சுப் பட்டறைக்குள் தள்ளியது.

அங்கே நைனாவும் அவர் தம்பியான சித்தப்பாவும் முறைத்துக்கொண்டேதான் வேலை செய்வார்கள். சேர்ந்து செய்த ஒரே இழைப்புளியும் இப்படித்தான் பிளந்தது. அடுப்பில் மரம் ஒட்டும் வச்சிரப் பசை நாறிக்கொண்டிருந்தது.

“சீவின ஒடனே ஒட்டுடான்னேன். எண்ணெ கக்குற வரிக்கும் போட்டுவெச்சி ஒட்னா எப்டிடா நிக்கும்?” என்றார் நைனா.

“நீ தலையில எண்ணெ தேச்சிக்கினு வந்து அதே கையால தடவுனியே, அத்த சொல்லு,” என்றார் சித்தப்பா.

ஆளுக்கொரு பாதியை எடுத்துக்கொண்டார்கள், மற்றவர் மறுபடி ஒட்டி இழைத்துவிடக் கூடாதே என்று. அந்த வாரமே பட்டறைக்கு நடுவில் சுவர் எழுந்தது. நைனாவின் பாதி எங்கள் வாசற்கதவுக்கு முட்டுக்கட்டையாகக் கிடந்தது. அவர் சாவுக்குக்கூட சித்தப்பா அதைத் தாண்டி வரவில்லை.

இதைப் பலமுறை கேட்டுச் சலித்த என் மனைவி என் கையிலிருந்த இரண்டு துண்டுகளைப் பார்த்தாள்.

“ஒண்ணு நம்ம கதவுக்கு ஆச்சு. இன்னொண்ண யாருக்குக் குடுப்ப? ஒனக்குத் தம்பிகூட கெடையாதே.”