கடவுள் போட்ட ‘ங்க’

சென்னிமலைப் பக்கம் ஒரு சிறிய தேவாலயத்தின் போதகர் அவர். கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும். வழியில் படுத்திருக்கும் நாயிடம்கூட “நகருங்க” என்பார். என் நண்பன் வீட்டு ஜெபக் கூட்டத்தில் பழைய எபிரெயத் தீர்க்கதரிசிகளைக் கொங்குத் தமிழிலேயே விளக்கினார். அவர் சொன்னதில், ஏழைகளின் நிலத்தை வளைத்துப்போட்ட பணக்காரனைக் கடவுள் “கேளுடா” என்று அதட்டினார். கூலிக்காரரிடமோ, “அழுகாதீங்க, நான் இருக்கேனுங்க” என்றார்.

“கடவுள் கூலிக்காரருக்கு ‘ங்க’ போடுவாருங்களா?” என்று கேட்டேன்.

“எங்க சனங்க அடுத்தவங்க காட்டுல கூலிக்கு வேலை செஞ்சப்ப ஒருத்தரும் போட்டதில்லீங்க. அவராச்சும் போடட்டுமுங்க. நியாயம்னா அதுதானுங்களே?”

கிளம்பும்போது எனக்கும், “பாத்துப் போங்க” என்றார்.

எங்கள் வீட்டிலும் காடு தோட்டம் உண்டு, கூலி ஆட்கள் உண்டு. அவர் எல்லோருக்கும் ‘ங்க’ போடுகிறவர். அவருடைய கடவுள் என்னை எப்படிக் கூப்பிட்டிருப்பார் என்றுதான் தெரியவில்லை.