மேலே ஏறாத நத்தைகள்

கருங்குழிக்கு வெளியே வாய்க்கால் ஓரத்து இருளர் குடியிருப்பில், விடிந்ததும் சொர்ணம் குண்டான் மூடியைத் திறந்தாள். இரவெல்லாம் தண்ணீரில் கிடக்கும் நத்தை மண்ணைக் கக்கிவிட்டு விளிம்புவரை ஏறி ஒட்டிக்கொள்ளும். இன்று பாதி அடியிலேயே கிடந்தன, வாய் திறந்தபடி.

மருமகள் எழிலுக்கு ஏழாம் மாதம். ரத்தம் போதாது, கறியும் முட்டையும் சாப்பிடச் சொல்லியிருந்தார் நர்ஸ். நத்தை தின்கிறோம் என்றதற்கு முகம் சுளித்தார். வெளிநாட்டில் வெண்ணெய் தடவித் தட்டில் வைத்தால் அது விருந்து. கழனியில் பொறுக்கினால் அருவருப்பு. புரதமும் இரும்புச்சத்தும் சாதி கேட்டா உடம்பில் சேர்கின்றன?

மகன் சடையன் செங்கல் சூளைக்குப் போய்விட்டான். சொர்ணம் முழங்கால் வலியோடு, நேற்று நத்தை பொறுக்கிய உலகநாதன் கழனிக்கு நடந்தாள். பூச்சிமருந்து அடித்தால் வரப்பில் குச்சி நட்டு, காலிப் புட்டியைக் கவிழ்த்து வைப்பது அங்கே வழக்கம். நேற்று புட்டி இல்லை. அதை நம்பித்தான் இறங்கினாள்.

உலகநாதன் மோட்டார் கொட்டகையில் இருந்தார். முந்தாநாள் மருந்து அடித்ததை ஒப்புக்கொண்டார்.

"என் கழனி. உன்னாண்ட சொல்லிக்கினு அடிக்கணுமா? உன்ன யாரு பொறுக்கச் சொன்னது?"

"எலி புடிக்கணும்னா வூட்டாண்ட ஆள் அனுப்புறீங்களே நைனா. இதுக்கும் ஒரு வார்த்த சொல்லியனுப்பக் கூடாதா?"

அவர் மோட்டாரைப் போட்டார். அந்தச் சத்தத்தில் மேற்கொண்டு பேச முடியவில்லை.

எழில் மிளகும் சீரகமும் அரைத்து வைத்துக் காத்திருந்தாள். கறி தின்று பல நாளாயிற்று.

"நல்லா வேகவெச்சா ஆவாதா, அத்த?"

"பூச்சின்னா கொதியில சாவும். மருந்து எங்க சாவும்?"

ஏறியவை, ஏறாதவை என்று பிரிக்கவும் சொர்ணத்துக்கு மனம் வரவில்லை. கோழி கிளறாத ஆழத்துக்குக் குழி தோண்டி எல்லாவற்றையும் கொட்டி மூடினாள். அரைத்து வைத்ததை எழில் புளித்தண்ணீரில் கரைத்து, வெறும் ரசமாக அடுப்பில் வைத்தாள்.

சொர்ணம் கூடையை எடுத்துக்கொண்டாள். இனி கேட்காமல் எந்தக் கழனியிலும் இறங்குவதாக இல்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் கழனிக்காரர் கூடுவாஞ்சேரியில் குடியிருக்கிறார். எப்போது வருவார் என்று அங்கே வேலை செய்தவர்களைக் கேட்டாள்; யாருக்கும் தெரியவில்லை.