பலூன் போய் வந்த மண்டபம்

உள்ளறையிலிருந்து 'டப்' என்று ஒரு சத்தம் வந்தது. கல்லில் மோதி, கல்லில் மோதி, மெல்லத் தேய்ந்து அடங்கியது. சமையற்கட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மீனம்பாளின் கை நின்றது.

"இன்னாடி அது?"

"பலூன்மா. கோயில் மண்டபத்துல ஒடச்சி, சத்தத்த ரெக்கார்டு பண்ணிக் கொண்டாந்திருக்குது சங்கரு," என்றாள் மஞ்சு. மகளின் குரல் சரியில்லை என்று தாய்க்குப் புரிந்துவிட்டது.

மஞ்சு சென்னை ஸ்டுடியோ ஒன்றில் தொழில் பழகியவள். செஞ்சிக்குத் திரும்பி, கடைத்தெருவுக்குப் பின்னால் வாடகை வீடு பிடித்து, உள்ளறையை ஒலிப்பதிவு அறையாக மாற்றினாள். சுவரெல்லாம் பழைய மெத்தை. அங்கே எதிரொலியே கிடையாது. வேண்டிய எதிரொலியைக் கம்ப்யூட்டரில் உள்ள பிளக்-இன் என்ற மென்பொருள் தரும். ஆட்டோவில் போகும் விளம்பரம் கூம்பு ஸ்பீக்கரில் எப்படிக் கேட்கும் என்பதை ஸ்பீக்கரே இல்லாமல் கேட்டுச் சரிபார்ப்பாள். ஓர் இடத்தில் பலூனை உடைத்து, அந்தச் சத்தத்தைப் பிளக்-இன்னுக்குக் கொடுத்தால் போதும். இங்கே பாடியது அங்கே பாடியதாகவே கேட்கும்.

அதைப் பெருமையாகச் சிவசங்கரிடம் சொன்னதும் அவள்தான். அவன் பள்ளித் தோழன். செஞ்சிக்குப் பக்கத்தில் அவள் பிறந்த ஊரின் அம்மன் கோயில் விழாக்குழுச் செயலாளர்.

அந்தக் கோயிலின் கல் மண்டபத்துக்குள் மஞ்சுவின் காலனிக்காரர்கள் கால் வைத்ததில்லை. யாரும் போகலாம் என்று சட்டம் இருந்தது. வாசலில் 'வழக்கம்' என்று ஒன்றும் இருந்தது. அம்மன் தாலாட்டை மீனம்பாள் தேரடியில் நின்றுதான் பாடிப் பாடித் தொண்டையைத் தேய்த்துக்கொண்டாள். போன மாதம் சிவசங்கர் வந்து, "இந்த வருசம் மண்டபத்துல நின்னு பாடுங்கம்மா, நான் பொறுப்பு," என்று சொன்னபோது அவள் அழுதுவிட்டாள். அதற்கென்றே ஓர் அரக்குப் புடவை வாங்கி, மடிப்புக் கலையாமல் வைத்திருந்தாள்.

இன்று அவன் பென்டிரைவோடு வந்திருந்தான்.

"அம்மாவ இங்கியே பாட வச்சிடு மஞ்சு. வித்தியாசமே தெரியாதுன்னு நீதான சொன்ன? திருவிழா வீடியோவுல மண்டபத்துல பாடுனாப்பல வந்துரும். கமிட்டியில பெரியவங்க டென்ஷன் ஆவறாங்க."

தன் பெருமைப் பேச்சே தாயின் வழியை அடைத்துவிட்டதா? மஞ்சு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். ஒத்திகைக்காக எடுத்து வைத்திருந்த தாலாட்டில் அந்தப் பலூன் சத்தத்தை ஏற்றினாள். குரல் கல் தூண்களுக்கு நடுவே எழுந்து விரிந்தது.

உள்ளறை வாசற்படியில் வந்து நின்ற மீனம்பாள் கண்களை மூடிக் கேட்டாள். கன்னத்தில் நீர் வழிந்தது.

"உள்ள நிக்கிறாப்பலயே இருக்குது இல்லம்மா?" என்றான் சிவசங்கர், ஆசையாக.

"பலூன யாரு தம்பி உள்ள எடுத்துக்கினு போனது?"

"நான்தாம்மா."

"வாசல்ல யாரும் மறிக்கலியா? எந்தத் தெரு பலூனுன்னு கேக்கலியா?"

அவன் தலை கவிழ்ந்தது. "எனக்கும் கஷ்டமாத்தாம்மா இருக்குது. நான் ஒருத்தன் இன்னா பண்ண முடியும்?"

"பொறுப்புன்னு சொல்ல வந்தப்பவும் ஒருத்தனாத்தான வந்த?" மஞ்சு எழுந்துவிட்டாள். "எங்கம்மா தொண்ட உள்ள வரலாம், காலு வரக்கூடாது. அந்தக் காலை வெட்டிக் குடுக்குற வேலைக்கு என்னையே கேக்குற."

ஒரே தட்டில் பிளக்-இன்னை அணைத்தாள். மண்டபம் மறைந்தது. மெத்தைச் சுவர்களுக்குள் ஒரு தாயின் குரல் மட்டும், வறண்டு, இடையிடையே மூச்சு வாங்கிக்கொண்டு பாடியது.

"இதான் எங்கம்மா. ஆளக் கூப்புட்டா வருவாங்க. கொரல மட்டும் அனுப்ப மாட்டேன்." பென்டிரைவைப் பிடுங்கி அவன் கையில் திணித்தாள்.

"திருவிழாவுக்கு தாலாட்டு வேணுமே மஞ்சு..."

"அந்தப் பலூனையே போடு தம்பி," என்றாள் மீனம்பாள். "அதுதான் உள்ள போயி வந்துச்சி."

அவன் செருப்பை மாட்டினான். யார் கிளம்பினாலும் "போயிட்டு வா" என்று சொல்லித்தான் மீனம்பாளுக்குப் பழக்கம். அன்று சொல்லவில்லை. அவன் படி இறங்கும்வரை நின்றிருந்துவிட்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.