குருவி கொத்தாத காட்டுத் திராட்சை

இன்று ராமேஸ்வரம் பஸ்ஸில் காளியம்மா காட்டுத் திராட்சை விற்க ஏறினாள். ஓலைக்கொட்டான் நிறையக் கறுத்த பழம், மேலே உப்பு.

எங்கள் பக்கம் குருவி கொத்திய பழம் நாலைந்தாவது கலந்து கிடந்தால்தான் வாங்குவோம். குருவி சீண்டாத கொடியின் பழம் தொண்டையை அரித்துவிடும்.

என் பக்கத்தில் இருந்த சூசை அண்ணன் கடலுக்குப் போகிறவர். கொட்டானைக் கிளறிப் பார்த்தார்.

"ஏத்தா, கொத்துன பழம் ஒண்ணுகூட இல்லையே."

"நல்லாப் பழுத்ததுதாண்ணே. ரெண்டு நாளாக் குருவியத்தான் காங்கல."

அண்ணன் ஜன்னல் வழியே கடலைப் பார்த்தார். எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது.

"தனுஷ்கோடியில எம் பயலுக சாயங்காலம் வலைக்குப் போறானுக. கண்டக்டரே, இங்கனயே நிப்பாட்டுங்க."

அக்காள்மடத்தில் இறங்கி, தனுஷ்கோடி ரயிலைப் பிடிக்கப் பாம்பன் பக்கமே ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார். அதன்பிறகு பஸ்ஸில் யாரும் பழம் கேட்கவில்லை.

நான் வீம்புக்கு வாங்கித் தின்றேன். அரித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். தேனாக இனித்தது.

மதியம் காக்கைக்கு வைத்த சோறு இந்நேரம்வரை அப்படியே காய்ந்துகொண்டிருக்கிறது. என் சமையல்தான் காரணம் என்று யாராவது சொல்லுங்களேன். உங்கள் வீட்டில் காக்கை வந்ததா?