பல்லில் நறநறக்கும் மழை

நியூ லின் நிலையத்தில் ரயிலுக்காக நின்றிருந்தபோது தவமலர் அக்காவின் கணவர் அழைத்தார். "அவ எங்களை விட்டுப் போயிட்டா, தம்பி" என்றார். "சரிங்க அண்ணா" என்றேன். ரயில் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

அக்காவின் நினைவுக்கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் அவரை அறிந்தவர்களுக்கு அவர் தொழிலைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஏரியடியில் குழாயை இறக்கி, அடுக்குக் குலையாமல் சேற்றை எடுப்போம். பழைய காலத்து மழையெல்லாம் அதில்தான் பதிந்திருக்கும். அதைப் படிக்கத்தான் ஆக்லாந்தில் ஒரே ஆய்வகத்தில் இருவரும் சம்பளம் வாங்கினோம்.

எத்தனை இயந்திரம் இருந்தாலும் அக்கா முதலில் ஒரு துளிச் சேற்றை முன்பல்லில் வைத்துக் கடிப்பார். பெருமழை கரையை அரித்துக் கொண்டுவந்த வண்டல் நறநறக்கும்; மழை குறைந்த காலத்துச் சேறு வெண்ணெயாய் வழுக்கும். ஒரு கந்தசஷ்டியன்று, "விரதம் என்னாச்சுக்கா?" என்று சீண்டினேன். "மண் சைவம்தானே. அதோட நான் விழுங்கேல்லை, துப்பிப்போட்டன். பேசாமல் வேலையைப் பாரும்" என்றார்.

அவர் நோய் முற்றி மருத்துவமனையில் கிடந்த வாரத்தில்தான் கடைசிக் குழாயைப் பிளந்தோம். அடியில் கறுப்பாக ஒரு பட்டை. அந்தப் பட்டை படிந்த காலத்தில் பெருமழை பெய்தது என்று அக்கா நெடுநாளாகச் சாதித்து, கூட்டங்களில் கேலியும் வாங்கியிருந்தார். இயந்திரத்துக்கு வரிசையில் காத்திருக்க வேண்டும். அவருக்கு அந்த அவகாசம் இல்லை. ஒரு சிட்டிகைச் சேற்றை டப்பாவில் எடுத்துப் போனேன். நோயாளி வாயில் மண்ணா என்று தாதி பதறித் தடுத்துவிட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

"அப்ப நீர் கடிச்சுப் பாரும்" என்றார் அக்கா.

கடித்தேன். அவர் கண் என் வாயை விட்டு அகலவில்லை. அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க நாக்கு வறண்டது, எனக்கு ஒன்றுமே புரியவில்லை. பொய் சொல்லியிருக்கலாம். சேற்று விஷயத்தில் அவரிடம் எனக்குப் பொய் வராது.

"தெரியலைக்கா."

"ஓம், பரவாயில்லை. பழகப் பழக வரும்" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார். சாகக் கிடந்தவர் எனக்கு ஆறுதல் சொன்னார். அதைத்தான் இன்னும் தாங்க முடியவில்லை.

அக்காவின் மவுண்ட் ஆல்பர்ட் வீட்டில் சடங்குகள் முடிந்து வேலைக்குத் திரும்பியதும், குளிரறையிலிருந்து அந்தக் குழாயை எடுத்து மறுபடி கடித்தேன். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தப் பழக்கம் ஒன்றுதான்.

நறநறத்தது, அக்கா. சந்தேகமே இல்லை. நீங்கள் சொன்ன மழை அங்கே இருக்கிறது. துப்ப மனம் வரவில்லை, விழுங்கிவிட்டேன்.